கேவா டீச்சரிடம் மிஞ்சிய விடை

லெவோமாரா என்ற தீவுக் கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் கோயில் மணி அடிக்கும். மணிச்சத்தம் அடங்குவதற்குள் கேவா டீச்சர் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் படகேறி வருவார். கடல் சரியில்லை என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை செபம் நடத்துவது, முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, செத்தவரைக் குழியில் இறக்கும்போது பக்கத்தில் நின்று செபம் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் ஓடியது.

பிபியானா கேவா என்பது முழுப்பெயர். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. பத்து வயதில் அப்பா அவளை லாரந்துக்கா பட்டணத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் கொண்டுபோய் விட்டார். அங்கேயே கன்னியாஸ்திரி ஆகிவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. நெஞ்சில் சளி கட்டி ஒரு வருடம் படுத்துக் கிடந்ததில் அது நடக்கவில்லை. ஆனால் படுப்பதற்கு முன்பு ஒரு மழைக்காலம் முழுக்க, வெளிநாட்டிலிருந்து வந்த கிழட்டுச் சாமியார் ஒருவர் பெரிய பெண்களுக்கு ஞானோபதேச வகுப்பு எடுத்தார். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினார். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது?

கேவா அந்தக் கேள்வியை அதற்கு முன்பு யோசித்ததே இல்லை. அவள் ஊரில் அதற்கு இடமே கிடையாது. தீமை எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியும். யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி.

லெவோமாராவிலும் அப்படித்தான். பனையிலிருந்து விழுந்தவன், கடலில் போனவன், வெட்டுப்பட்டவன், பிரசவத்தில் போனவள் இவர்களை ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். எல்லைக்கு வெளியே ஓலைக்கொட்டகை போட்டுக் கிடத்துவார்கள். குலவீட்டில் சொந்தமெல்லாம் கூடி உட்காரும். நடுவில் ஒரு சிரட்டையில் கள். செத்தவரின் வீட்டார் யாராவது, தான் செய்த தப்பு இன்னது என்று வாய்விட்டுச் சொல்லி முதல் வாய் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்தது. உடல் உள்ளே வரும், முன்னோர் பக்கத்தில் இடம் கிடைக்கும். யாரும் குடிக்காவிட்டால் வடக்கு முனைதான். கடலைப் பார்த்த கல்லாங்காடு. அங்கே கிடப்பவர்களை முன்னோர் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள்.

கிழட்டுச் சாமியார் தன் கேள்விக்குப் பல விடைகள் சொன்னார். கேவா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சராகி, கல்யாணமாகி லெவோமாராவுக்கு வந்தபோது அந்த நோட்டும் கூட வந்தது. சாவு வீடுகளுக்கு அதை எடுத்துப் போவாள்.

முதலில் அவளுக்குப் பிடித்திருந்தது இருட்டு பற்றிய விடை. இருட்டு என்று ஒரு பொருள் கிடையாது, வெளிச்சம் இல்லாத இடம்தான் இருட்டு. அப்படியே தீமையும் கடவுள் படைத்த பொருள் இல்லை, நன்மை குறைந்துபோன இடம். அதைக் கெடுத்தது அவள் புருஷன் கோபோங். ஒரு முறை அவனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. கள் வாங்க வந்தவர்களிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்.

"இது வலி இல்லையாம்ப்பா. சுகம் கொஞ்சம் குறைஞ்சிருக்காம். டீச்சர் சொல்லிட்டா. குறைஞ்சதை எங்க போய்த் தேடறதுன்னுதான் தெரியல."

கேவாவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அந்த விடையைச் சொல்ல வாயெடுத்தால் அந்தக் கன்னம்தான் கண்முன் வந்தது.

அடுத்தது மனிதனின் சுதந்திரம். எல்லைத் தகராறில் ஒருவனை வெட்டிப் போட்டபோது அது எடுபட்டது. கடவுள் நம்மைப் பொம்மையாகப் படைக்கவில்லை, கையில் சுதந்திரம் கொடுத்தார், அதை ஒருவன் அரிவாளில் செலவழித்தான் என்றாள். தலைகள் ஆடின. அடுத்த மாசி மழையில் மலை சரிந்து ஒரு வீட்டை நாலு பேரோடு மூடியது. அங்கும் அதையே தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ மெதுவாகத்தான் கேட்டார்கள், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மலைக்கும் சுதந்திரம் குடுத்தாரா, டீச்சர்?"

துன்பம் மனிதனைப் பழுக்க வைக்கிறது என்று ஒரு விடை இருந்தது. காய்ச்சலில் போன மூன்று வயதுக் குழந்தையின் அம்மா அதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, "நான் பழுக்கறதுக்கு அவளா?" என்றாள். கேவா வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பெனியின் மகன் லாதோ கடலில் போனான். பத்தொன்பது வயது. பெனி ஊரிலேயே நல்ல நெசவுக்காரி. நீலச்சாயத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று பவளக்கல் எடுத்து வர மகனை அனுப்பியிருந்தாள். மூன்றாம் நாள் அவன் கரை ஒதுங்கினான். கேவா கொட்டகையில் பெனி பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டில் மிச்சமிருந்த கடைசி விடையைச் சொன்னாள். நம் வாழ்க்கை கடவுள் நெய்கிற துணி. நமக்குத் தெரிவது அதன் பின்பக்கம், முடிச்சும் பிசிறும். முன்பக்கம் அவருக்குத்தான் தெரியும்.

பெனி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க தறியில உக்காந்ததே இல்லையா?"

"இல்ல. ஏன்?"

"நம்ம துணிக்கு ஏது பின்பக்கம்? நூலைக் கட்டிச் சாயம் போட்டுட்டுத்தானே நெய்யறோம். ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். உங்களுக்கு இதைச் சொன்னவரு வேற ஊர்த் துணியைப் பாத்திருப்பாரு."

கேவா தன் மேல் போர்த்தியிருந்த துணியைப் புரட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் நெய்திருந்த மான் உருவம்தான் அந்தப் பக்கமும். ஐம்பது வயதை நெருங்கும் வரை அதை அவள் கவனித்ததே இல்லை. நோட்டை மூடினாள். பெனி தானாகவே பேசினாள்.

"நான்தான் அனுப்பினேன். உள்ள போய் அதைச் சொல்லிக் குடிச்சிடறேன். பையன் ஊருக்குள்ள வரட்டும்."

அப்போது கேவாவின் வாயிலிருந்து வந்தது எந்த நோட்டிலும் இல்லை. "குடிக்காத பெனி. நீ அனுப்பினது வேற, கொன்னது வேற. உன் தப்புக்கு உன் பையனைக் கொல்றவர் கடவுளா இருக்க முடியாது. இதுல யார் தப்பும் இல்ல. வாயைத் திறக்காத."

பெனி வாயைத் திறக்கவில்லை. லாதோ வடக்கு முனைக்குப் போனான். பெனியின் புருஷன் ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்துவிட்டு வேலைக்கென்று மலேசியா போனான், திரும்பவில்லை. அதன் பிறகு கேவா சாவு வீடுகளில் நோட்டைத் திறக்கவே இல்லை. யார் தப்பும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒன்றைத்தான் யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

கோபோங்குக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை கிடையாது. ஏழு பனை அவன் உலகம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தாமதமாக வந்து, கதவோரம் நின்று, முதல் ஆளாகக் கிளம்புவான். கேட்டால், "பாளைக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? நான் சீவலேன்னா அதுக்கு யார் பாவமன்னிப்புக் குடுப்பா?" என்பான். அவள் சாவு வீட்டிலிருந்து வாடிப்போய்த் திரும்பும் நாட்களில் மட்டும் கேலி செய்ய மாட்டான். சுடச்சுட வறுத்துக் கல்லில் தட்டின சோளத்தைத் தட்டில் வைத்து முன்னால் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைத் திருநாள். பதினோரு பிள்ளைகள். சாமியாரும் பங்கு ஆட்களும் முதல் படகில் வருவதாக ஏற்பாடு. விடிய விடிய மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது.

"மரம் வழுக்கும்டி. வெயில் வரட்டும், ஏறறேன்" என்றான் கோபோங்.

"வெயில் வர்றப்ப அவங்க பந்தியில உக்காந்திருப்பாங்க. வெறும் தண்ணியையா வைக்கறது?"

"சாமிக்கு நேத்துக் கள்ளு ஆகாதா? புளிப்பு ஏறினா பிரசங்கம் இன்னும் நல்லா வரும்."

"விளையாடாதீங்க. ரெண்டு மரம் போதும். போயிட்டு வாங்க."

அவன் முனகிக்கொண்டே கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். இரண்டாவது மரத்திலிருந்து விழுந்தான். கேவா ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

அரைமணி கழித்து அவள் போன் அடித்தது. லூக்காஸ் சாமியார். "கடல் ரொம்ப மோசம், டீச்சர். இன்னிக்குப் படகு எடுக்கமாட்டேங்கறாங்க. பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

கேவா நடந்ததைச் சொன்னாள். அவர் ஏதேதோ ஆறுதல் சொன்னார். அவள் குறுக்கிட்டுக் கேட்டாள்.

"சாமி, குலவீட்டுல சங்கா அத்தான் சிரட்டையை வைப்பாரு. நான் என்ன செய்யட்டும்?"

"குடிச்சிட்டுப் போங்க, டீச்சர். சடங்குதானே. உங்க மனசு கடவுளுக்குத் தெரியும். இந்த நேரத்துல ஊரோட மல்லுக்கு நிக்காதீங்க."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று தான் எதிர்பார்த்திருந்தது.

சங்கா கோபோங்கின் அண்ணன், குலத்துக்குத் தலைவர். எழுபது வயதிலும் நிமிர்ந்து நடப்பவர். அன்று தம்பியின் உடலோடு எல்லைக்கு வெளியே ஓலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேவாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. என் அப்பன் பக்கத்துல இடம் பாத்து வெச்சிருக்கேன். எனக்குன்னு வெச்சிருந்த இடம். அவன் படுக்கட்டும்."

"அத்தான்..."

"எதையும் பெருசாச் சொல்ல வேண்டாம், கேவா. நீ படிச்சவ. உன்னை நான் அவமானப்படுத்த மாட்டேன். ஒரு வார்த்தை, ஒரு வாய். என் தம்பியை நாய் நரி திரியற இடத்துல போட வெச்சிராத."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. அழுகையும் வரவில்லை. போயிட்டு வாங்க என்று தான் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. தன் தப்பு என்று சொல்லிவிட ஏங்கினாள். சடங்குக்காக மட்டும் இல்லை. அது தப்பாக இருந்தால் இந்தச் சாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அவனை யாரோ பார்த்துக்கொண்டிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், கணக்கு தன்னோடு முடிந்துவிடும். தப்பே இல்லை என்றால்? மழை பெய்தது, பட்டை வழுக்கியது, ஒரு மனிதன் விழுந்தான், அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடமாக மற்றவர்களை எந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

காலையில் மகள் யுஸ்தினா ஒரு மீன்படகுக்காரனைக் கெஞ்சி லாரந்துக்காவிலிருந்து வந்து சேர்ந்தாள். கொட்டகையில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு 'அமா, அமா' என்று கத்திவிட்டு, நேராக அம்மாவிடம் வந்தாள்.

"பெரியப்பா சொன்னாரு. நீ குடிக்கப் போறேல்ல, இனா?"

"தெரியல."

"தெரியலயா? ஏதாவது ஒண்ணு சொல்லு இனா! குழம்புல உப்புப் போட மறந்தேன்னு சொல்லேன். அவங்களுக்கு ஒரு பேச்சு வேணும், அவ்வளவுதானே. எங்க அமாவைப் பாறையில போட்டுட்டு நீ கோயில்ல போய் நின்னு பாட்டுப் பாடுவியா?"

"குடிக்கறேன்" என்றாள் கேவா. சொன்னதும் உடம்பு லேசானது போலிருந்தது.

பின்கட்டில் பெண்கள் வந்தவர்களுக்காகச் சோளம் வறுத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் கேவாவும் போய் உட்கார்ந்தாள். மண்சட்டியிலிருந்து கொதிக்கிற மணிகளை வெறும் விரலால் எடுத்துக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் ஓங்கித் தட்ட வேண்டும். சிறிது நேரத்தில் பக்கத்துக் கல்லுக்கு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெனி. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு வேலைக்குப் போனார்கள். வடக்கு முனையில் பிள்ளையைப் போட்டவளோடு சாவு வீட்டில் சேர்ந்து உட்கார மாட்டார்கள்.

இரண்டு கல்லும் மாறி மாறிச் சத்தம் போட்டன.

"குடிக்கப் போறதாச் சொன்னாங்க" என்றாள் பெனி.

"ம்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"ஈரத்துல ஏற வேண்டாம்னாரு. நான்தான் போகச் சொன்னேன்."

பெனி தலை நிமிராமல் இன்னும் நாலு மணிகளைத் தட்டினாள்.

"பவளக்கல் வேணும்னு நான் அனுப்பினேன். அலை பெருசா இருக்குன்னு அவனும்தான் சொன்னான். அதை நான் உங்ககிட்டகூடச் சொன்னதில்ல."

கேவாவின் கை நின்றது.

"அனுப்பினது வேற, கொன்னது வேறன்னு சொன்னீங்க. யார் தப்பும் இல்லன்னு சொன்னீங்க. எனக்குப் புரியல. ஆனா அதை வெச்சுத்தான் சோறு தின்னேன், டீச்சர். எம் புருஷன் போனப்பவும் அதைத்தான் சொல்லிக்கிட்டேன். இப்ப நீங்க உள்ள போய் உங்க தப்புன்னு சொன்னா, அப்ப லாதோ?"

"பெனி, எனக்கே தெரியல. அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"தெரியாம சொன்னீங்களா?"

"உன் முகத்தைப் பாத்துச் சொன்னேன்."

பெனி சட்டென்று சிரித்தாள். கேட்கவே நன்றாக இல்லாத சிரிப்பு. "நல்லாத்தான் சொன்னீங்க. எம் பையன் வெளியிலயும் உங்க புருஷன் உள்ளயும் படுக்கற மாதிரிச் சொன்னீங்க."

"வேணும்னா இப்ப நீயும் குடி. அவனையும் உள்ள கொண்டுவரலாம். சங்கா அத்தான்கிட்ட நான் பேசறேன்."

"மாட்டேன்" என்றாள் பெனி. "நான் எம் பையனைக் கொல்லல. அதை மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துக்காதீங்க."

அவள் தட்டின சோளத்தைக் கூடையில் வழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கேவாவின் சட்டியில் இருந்த மணிகள் கருகிக்கொண்டிருந்தன.

மத்தியானம் குலவீட்டில் கூடினார்கள். சங்கா சிரட்டையைக் கேவாவுக்கு முன்னால் வைத்தார். அதில் இருந்தது கோபோங்கின் கடைசிக் கள். முதல் மரத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவன் இரண்டாவதில் ஏறியிருந்தான். சங்கா முன்னோரை அழைத்தார். பிறகு கேட்டார்.

"இந்த வீட்டுல என்ன நடந்துச்சு?"

"மரம் ஈரமா இருந்துச்சு. அவர் அப்புறம் ஏறறேன்னாரு. நான் இப்பவே போங்கன்னு சொன்னேன். போனாரு. விழுந்தாரு" என்றாள் கேவா.

உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. யுஸ்தினா அம்மாவின் முதுகில் கை வைத்தாள். சங்காவின் முகம் இளகியது.

"போதும், கேவா. அதுவே போதும். அது என் தப்புன்னு சேத்துச் சொல்லிட்டுக் குடி."

வேலிக்கு அப்பால் பெனி நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஈரத்துணியைப் பிழியப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேவா சிரட்டையை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். வாசம் மூக்கில் ஏறியது.

"அனுப்பினேன். அதைச் சாகற வரைக்கும் சுமப்பேன். ஆனா அதுக்காக அவரை யாரும் கொல்லல, அத்தான். தப்புன்னு என்னால சொல்ல முடியாது."

"கேவா!"

"முடியாது."

சங்கா மூன்று முறை கேட்டார். கேட்க வேண்டிய முறை அதுதான். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்து, அழுதுகொண்டேதான் கேட்டார். கேவா சிரட்டையைத் தரையில் வைத்தாள். யுஸ்தினாவின் கை முதுகிலிருந்து நழுவியது. அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் படகுத்துறைப் பக்கம் நடந்தாள். கேவா கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள்.

சங்கா கள்ளை எடுத்துப்போய் எல்லைக்கல்லில் கவிழ்த்தார்.

வடக்கு முனைக்கு உடலைத் தூக்க ஆறு பேர்தான் வந்தார்கள், அதுவும் சங்காவின் முகத்துக்காக. கடல் இன்னும் அடங்கவில்லை. கடப்பாரையைப் போட்ட இடமெல்லாம் பாறை, பொறிதான் பறந்தது. அரை அடிக்கு மேல் இறங்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தான்.

பின்னால் வந்திருந்த பெனி அவர்களைத் தாண்டிப் போனாள். லாதோவைப் புதைத்த கற்குவியலைச் சுற்றி நடந்து, கடல் பக்கம் நாலு எட்டு தள்ளி, குதிகாலால் தரையில் ஒரு கோடு இழுத்தாள்.

"இங்க தோண்டுங்க. இந்தப் பக்கம் மண்ணுதான். அவனுக்குத் தேடறப்ப பாத்தேன்."

கடப்பாரை இறங்கியது. கேவா செபப் புத்தகத்தைப் பிரித்தாள். கண்ணாடி இல்லை, வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். இருந்தாலும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மனப்பாடமாகத் தெரிந்த வரிகள்தான், ஆனால் முதல் சொல் வரவில்லை.

பெனி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெனி, நான் உள்ள சொன்னது உண்மைன்னு உனக்குப் படுதா?"

பெனி குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது, டீச்சர். இன்னும் ரெண்டு முழம் வெட்டச் சொல்லுங்க. இங்க நாய் தோண்டும்."

கேவா திரும்பி, வெட்டுகிறவர்களிடம் அதைச் சொன்னாள்.